ரூபாய் நோட்டுக்குப் பின்னால் தங்கம் இருக்கிறதா?

ஒவ்வொரு நோட்டுக்கும் அதே மதிப்புக்குத் தங்கத்தை ரிசர்வ் வங்கி பூட்டி வைத்திருக்கிறது என்று நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். மீதிப் பேர், அரசாங்கம் நினைத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துத் தள்ளலாம், அடிக்காமல் இருப்பது ஏதோ பிடிவாதம் என்று நம்புகிறோம். குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இந்த இரண்டையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் சொல்லக் கேட்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்பதுகூட யாருக்கும் உறுத்துவதில்லை.

உண்மையில் நோட்டு எப்படி வேலை செய்கிறது என்பது அவ்வளவு சிக்கலான விஷயம் இல்லை. அது எப்படி வந்தது என்ற வரலாற்றைத் தெரிந்துகொண்டால் போதும், மீதி தானாகப் புரிந்துவிடும்.

எடைச் சீட்டிலிருந்து தொடங்குவோம்

கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்கள் பறித்த இலையை மூட்டை கட்டி ரோட்டோரம் வைப்பார்கள். பேக்டரி வண்டி வரும். எடை போடுவார்கள், ஈரத்துக்கு இத்தனை கிலோ என்று கழிப்பார்கள் (அதில் தினம் ஒரு சண்டை நடக்கும், அது வேறு கதை), ஒரு துண்டுச் சீட்டில் எடையை எழுதிக் கொடுப்பார்கள். பணம் பிறகுதான் வரும்.

இப்போது ஒரு கற்பனை. கையில் காசில்லாத ஒரு விவசாயி அந்தச் சீட்டையே மளிகைக் கடையில் நீட்டுகிறார். "அண்ணா, இதை வச்சுக்கோங்க, பேக்டரியில நீங்களே வாங்கிக்கோங்க." பேக்டரி ஒழுங்காகப் பணம் தரும் என்று கடைக்காரருக்குத் தெரியும், வாங்கிக்கொள்கிறார். அவர் அதை மேட்டுப்பாளையம் மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிறார். அவரும் வாங்கிக்கொள்கிறார். சீட்டு கை மாறிக்கொண்டே போகிறது, பேக்டரி வாசலுக்குத் திரும்பி வரவே இல்லை. அந்தச் சீட்டு இப்போது நோட்டாகிவிட்டது.

கதையின் அடுத்த கட்டம்தான் முக்கியம். எல்லாரும் ஒரே நாளில் சீட்டோடு வந்து நிற்பதில்லை என்பதை பேக்டரி முதலாளி கவனிக்கிறார். பெட்டியில் 1,000 ரூபாய் இருக்கும்போது 1,300 ரூபாய்க்குச் சீட்டு எழுதினாலும் சமாளிக்கலாம். அப்படிப் பெட்டியில் வைத்திருக்கும் தொகைக்குப் பெயர்தான் கையிருப்பு. கையிருப்புக்கு மேல் எவ்வளவு எழுதலாம், அதை யார் கட்டுப்படுத்துவது என்ற கேள்வியைச் சுற்றித்தான் உலகத்து நோட்டுகளின் வரலாறு முழுவதும் ஓடுகிறது. நம் ரூபாயும் அப்படித்தான்.

எடையே மதிப்பாக இருந்த காலம்

நீலகிரியில் நாணயம் வருவதற்கு முன்பே கொடுக்கல் வாங்கல் இருந்தது. கோத்தர்கள் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்தார்கள். படகர்கள் தானியம் விளைவித்தார்கள். தோடர்களிடம் பாலும் நெய்யும், குறும்பர்களிடம் தேனும் காட்டுப் பொருளும் இருந்தன. பொருளைக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொண்டார்கள். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்தார். அதன்பின் பங்களாக்களும் தோட்டங்களும் பெருகப் பெருக, கூலியும் வாடகையும் ரூபாயில் கணக்காகின.

அந்த ரூபாய் வெள்ளி. 16-ஆம் நூற்றாண்டில் ஷேர் ஷா சூரி அடித்த வெள்ளி நாணயத்திலிருந்து வந்த வழி அது. தெற்கே நமக்கு வராகன், பணம், காசு என்று தனிக் கணக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1835-இல் தன் ஆட்சிப் பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 4 பைசா.

இந்த ரூபாய்க்கு யாருடைய உறுதிமொழியும் தேவையில்லை. உருக்கினால் வெள்ளி, அவ்வளவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆயிரம் ரூபாய் என்றால் 11.66 கிலோ. ஐயாயிரம் என்றால் கிட்டத்தட்ட 58 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மேல். குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899-இல்தான். அதற்கு முன் ஒரு தோட்டத்துக்குக் கூலிப் பணம் கொண்டுவருவதென்றால் இந்த எடையை மாட்டு வண்டியிலோ குதிரையிலோ கூலியாட்கள் தலையிலோ காட்டு வழியாக ஏற்றியாக வேண்டும். காகிதத்தின் தேவை சமவெளியைவிட மலையில் சீக்கிரம் புரியும்.

பாதியாக வெட்டித் தபாலில் அனுப்பிய நோட்டு

முதலில் நோட்டு அடித்தது அரசாங்கம் இல்லை, வங்கிகள். கல்கத்தாவில் 1770-இல் தொடங்கிய பாங்க் ஆஃப் ஹிந்துஸ்தான் போன்ற தனியார் வங்கிகள், அப்புறம் வங்காளம், பம்பாய், சென்னை மாகாண வங்கிகள். சென்னை வங்கி 1843-இல் வந்தது. இந்த மூன்று மாகாண வங்கிகள்தான் 1921-இல் இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955-இல் பாரத ஸ்டேட் வங்கி ஆயின. பாஸ்புக்கில் பதிவு போட நாம் வரிசையில் நிற்கும் அதே ஸ்டேட் பாங்க்தான்.

1861-இல் காகிதப் பணச் சட்டம் வந்தது. நோட்டு வெளியிடும் உரிமையை வங்கிகளிடமிருந்து அரசே எடுத்துக்கொண்டது. விக்டோரியா ராணியின் படம் போட்டு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்ட நோட்டுகள். மிகச் சிறியதே பத்து ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை, ஏழை பாழைகள் கையில் நோட்டு வர வழியே இல்லை.

அந்தச் சட்டத்தில் ஒரு விதியை இங்கே கவனிக்க வேண்டும். 4 கோடி ரூபாய் வரையிலான நோட்டுக்கு உலோகம் வேண்டாம், அரசுக் கடன் பத்திரம் போதும் என்றது சட்டம். கடன் பத்திரம் என்றால் "இத்தனை வட்டியோடு திருப்பித் தருகிறேன்" என்று அரசு எழுதிக் கொடுக்கும் பத்திரம். அந்த வரம்பைத் தாண்டினால்தான் நாணயமாகவோ கட்டியாகவோ உலோகத்தை வைக்க வேண்டும். அதாவது, நோட்டு முழுவதற்கும் உலோகம் என்ற பொற்காலம் அரசு நோட்டு பிறந்த முதல் நாளிலேயே இல்லை.

இன்னொரு விசித்திரம் வட்டங்கள். நாட்டைப் பல வெளியீட்டு வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள். சென்னை வட்டத்து நோட்டை கல்கத்தாவில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் கிடையாது. 1903-இலிருந்து 1911-க்குள்தான் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் படிப்படியாக நாடு முழுமைக்கும் செல்லுபடியாயின. ஒருவர் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லும் பணத்துக்கு 'சட்டப்படி செல்லும் பணம்' என்று பெயர். இந்தச் சொல் பின்னால் பத்து ரூபாய்க் காசுக்கு வரும்போது உதவும்.

தூரத்துக்கு நோட்டு அனுப்புவதற்கு அன்றைய மக்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. நோட்டை நடுவில் வெட்டுவார்கள். ஒரு பாதியைத் தபாலில் போடுவார்கள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தபிறகு மறு பாதியை அனுப்புவார்கள். வழியில் திருடினாலும் அரை நோட்டால் திருடனுக்குப் பயனில்லை. பாதுகாப்பு அம்சம் என்று இன்று நோட்டில் ஏகப்பட்டதை அச்சடிக்கிறார்கள். அன்றைக்கு ஒரு கத்தரிக்கோல் போதுமாக இருந்தது.

இதுவரை பார்த்தது: வெள்ளி ரூபாய் தன் எடையால் மதிப்பு பெற்றது. நோட்டு, அந்த வெள்ளியைத் தருகிறேன் என்ற வாக்கால் மதிப்பு பெற்றது. ஆனால் வாக்கின் அளவும் பெட்டியில் இருந்த வெள்ளியின் அளவும் தொடக்கத்திலிருந்தே சமமில்லை.

வெள்ளி கழன்ற கதை

1870-களில் உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயச்சாலைக்குக் கொண்டுபோய் ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். 1893-இல் அந்தக் கதவை மூடினார்கள். அதன்பிறகு ரூபாயின் மதிப்பு அதிலிருந்த வெள்ளியின் விலையைவிட அதிகமாக நின்றது. வெள்ளி நாணயமே பாதி உலோகம், பாதி நம்பிக்கை என்றாகிவிட்டது.

முதல் உலகப் போரில் தலைகீழ். வெள்ளிக்குத் தட்டுப்பாடு. 1917 நவம்பர் 30-ஆம் தேதி முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டு வந்தது. கூடவே இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு என்று ஒன்றும் வந்தது. இன்று கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 16 அணாக் கணக்கில் அது சரியாக இரண்டரை ரூபாய்தான். 1940-இல் ரூபாய் நாணயத்தில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. வெள்ளி போயே போய்விட்டது. யாரும் ரூபாயை வாங்க மறுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அதன் முதல் நோட்டு 1938 ஜனவரியில் வந்த ஐந்து ரூபாய், ஆறாம் ஜார்ஜ் மன்னர் படத்துடன். சுதந்திரத்துக்குப்பின் 1949-இல் வந்த ஒரு ரூபாய் நோட்டில் மன்னர் போய் அசோகரின் சிங்கத் தூண் வந்தது. 1954-இல் வந்த ஆயிரம் ரூபாய் நோட்டில் நம் தஞ்சைப் பெரிய கோயில் இருந்தது. காந்தி நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது 1996 வரிசையிலிருந்து. அணாக் கணக்கு 1957 ஏப்ரல் 1 அன்று முடிந்து, ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. வீட்டில் 80 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், நாலணா என்றால் 25 பைசா என்று யோசிக்காமல் சொல்வார்கள்.

சரி, தங்கம் எவ்வளவு?

தங்கம் என்றதும் இந்த மாவட்டத்துக்கே ஒரு பழைய கதை உண்டு. 1880 வாக்கில் கூடலூர் பக்கம் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் தங்கம் கிடைக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் எல்லாம் புஸ்ஸென்று போனது. பங்குப் பத்திரத்துக்குப் பின்னால் தங்கம் இருக்கிறது என்று நம்பியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

ரூபாய்க்கு வருவோம். 1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டம், வெளியிட்ட நோட்டு மதிப்பில் 40 சதவீதம் தங்கமாகவோ பிரிட்டிஷ் பவுண்டுப் பத்திரமாகவோ இருக்க வேண்டும் என்றது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்காகப் பணத்தேவை ஏறியபோது இந்த விகிதக் கணக்கையே 1956-இல் கைவிட்டார்கள். 1957-இலிருந்து விதி இதுதான்: தங்கமும் வெளிநாட்டுப் பத்திரமும் சேர்த்துக் குறைந்தது 200 கோடி ரூபாய்க்கு இருக்க வேண்டும், அதில் 115 கோடி தங்கமாக இருக்க வேண்டும். இதற்குக் குறைந்தபட்சக் கையிருப்பு முறை என்று பெயர்.

200 கோடியை இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் தலை சுற்றும். 2024 மார்ச் இறுதியில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு சுமார் 34.8 லட்சம் கோடி ரூபாய். ரிசர்வ் வங்கி சட்டம் கேட்பதைவிடப் பல மடங்கு தங்கம் வைத்திருக்கிறது என்பதும் உண்மைதான். நோட்டுக்கென்று ஒதுக்கிய தங்கம் மட்டும் அப்போது சுமார் 308 டன். ஆனாலும் அன்றைய விலையில் அது மொத்த நோட்டு மதிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. மீதிக்கு ஈடாக இருப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு அரசுகளின் பத்திரங்கள். ஆக, நோட்டுக்கு ஈடான சொத்து இருக்கிறது. அது முழுக்கத் தங்கமாக இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கையெழுத்து என்ன சொல்கிறது

நூறு ரூபாய் நோட்டில் கவர்னரின் கையெழுத்துக்கு மேலே, இதைக் கொண்டுவருபவருக்கு நூறு ரூபாய் தருவதாக உறுதியளிக்கிறேன் என்று ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு வாசகம் இருக்கும். வெள்ளிக் காலத்தில் அதற்கு நேரடிப் பொருள் உண்டு: கொண்டு வா, நூறு வெள்ளி ரூபாய் எண்ணித் தருகிறேன். இன்று கொண்டுபோனால் வேறு நோட்டுகளாகவோ நாணயமாகவோ நூறு ரூபாய் தருவார்கள். தங்கம் தர மாட்டார்கள்.

ஒரு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அந்த உறுதிமொழியே இருக்காது. கையெழுத்தும் நிதித்துறைச் செயலாளருடையது. காரணம், சட்டத்தின் பார்வையில் அது நாணயத்துக்குச் சமம். நாணயம் மத்திய அரசுடையது, இரண்டு ரூபாய் முதல் மேலே உள்ள நோட்டுகள் ரிசர்வ் வங்கியுடையவை. இதே நேரத்தில் நூறு ரூபாயைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். இடது பக்கப் பட்டையில் 15 மொழிகள் இருக்கும். அதில் 'நூறு ரூபாய்' என்ற தமிழ் வரி பதின்மூன்றாவது.

அப்படியானால் அடித்துத் தள்ளலாமே?

மேட்டுப்பாளையம் மண்டிக்கு இன்று நூறு மூட்டை ஊட்டி கேரட் வருகிறது என்று வையுங்கள். ஏலம் கேட்க வந்திருக்கும் எல்லா வியாபாரிகளின் கையிலும் ராத்திரியோடு ராத்திரியாகப் பணம் இரட்டிப்பாகிவிட்டது. கேரட் அதே நூறு மூட்டை. ஏலம் எங்கே போய் நிற்கும்? விற்றவருக்கு இரண்டு பங்கு பணம் கிடைக்கும், ஆனால் அவர் உரம் வாங்கப் போனால் அங்கேயும் விலை ஏறியிருக்கும். பொருள் கூடாமல் பணம் மட்டும் கூடி, பொதுவாக எல்லா விலையும் தொடர்ந்து ஏறுவதைத்தான் பணவீக்கம் என்கிறோம்.

அரசு நினைத்த நேரத்தில் அடிக்க முடியாதபடி கொஞ்சம் கட்டும் போட்டிருக்கிறார்கள். புது நோட்டு வெளியே வர வேண்டுமென்றால் அதற்கு ஈடாக ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஒரு சொத்து ஏற வேண்டும். அரசிடமிருந்து நேரடியாகக் கடன் பத்திரம் வாங்குவதையும் 2006 ஏப்ரலிலிருந்து சட்டம் தடுக்கிறது, அசாதாரணச் சூழல்கள் மட்டும் விலக்கு. அச்சு இயந்திரம் பக்கத்தில்தான் இருக்கிறது. கூடலூர் வழியாக மைசூர் பஸ் ஏறினால் நோட்டு அச்சகம் இருக்கும் ஊரிலேயே இறங்கலாம். தடை இருப்பது கணக்குப் புத்தகத்தில்.

மறுபடி சுருக்கமாக: நோட்டின் மதிப்பு, அது எவ்வளவு புழங்குகிறது, அதற்கு எதிரில் எவ்வளவு பொருள் இருக்கிறது, வெளியிட்டவர் அளவோடு நடந்துகொள்வார் என்று மக்கள் நம்புகிறார்களா என்பதில் இருக்கிறது.

செல்லாமல் போவது எப்போது

சட்டப்படி செல்லும் தகுதியை அரசு திரும்ப எடுத்துக்கொள்வதுதான் பணமதிப்பு நீக்கம். 2016-தான் முதல் தடவை என்று பலர் நினைக்கிறார்கள். 1946 ஜனவரியில் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளும், 1978 ஜனவரியில் 1,000, 5,000, 10,000 ரூபாய் நோட்டுகளும் இப்படிப் போயிருக்கின்றன. சாமானியர் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை, அதனால் நினைவிலும் இல்லை. 2016 நவம்பர் 8 வேறு மாதிரி. அன்று செல்லாமல் போன 500-உம் 1,000-உம் புழக்கத்தில் இருந்த நோட்டு மதிப்பில் சுமார் 86 சதவீதம். கூலியை ரொக்கமாகக் கொடுக்கும் தோட்டங்கள் என்ன பாடுபட்டன என்று மலையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடைசியில் அந்த நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டன.

2,000 ரூபாய் நோட்டு இதில் சேராது. 2023 மே மாதம் அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தார்கள், செல்லாது என்று சொல்லவில்லை. பீரோவில் ஒன்று கிடந்தால், ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பி நம் வங்கிக் கணக்கில் வரவு வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். வெட்டாமல் முழுசாகவே அனுப்பலாம்.

பத்து ரூபாய்க் காசும் கிழிந்த நோட்டும்

பஸ்ஸில் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் "இது வேணாங்க்கா, நோட்டா குடுங்க" என்பார் கண்டக்டர். அவரைத் திட்டிப் பயனில்லை, அவரிடமிருந்து அடுத்த பயணி வாங்க மாட்டேன் என்கிறாரே. ரூபாய்க் குறி போடாத காசு கள்ளக்காசு என்ற வதந்திதான் இதற்கு மூலம். ரூபாய்க் குறியே 2010 ஜூலையில்தான் வந்தது, அதை வடிவமைத்தவர் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார். அதற்கு முன் அடித்த காசில் அது எப்படி இருக்கும்? 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே சொல்லிவிட்டது. ஒரே கட்டணத்துக்கு 1,000 ரூபாய் வரை நாணயமாகக் கொடுப்பது சட்டப்படி செல்லும். அதற்கு மேல் மூட்டையாகக் கொட்டினால் மறுக்க அவருக்கு உரிமை உண்டு.

கிழிந்த நோட்டுக்கு விதி பரப்பளவில் இருக்கிறது. 20 ரூபாய் வரையிலான நோட்டு என்றால், கையில் இருக்கும் பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, இல்லாவிட்டால் ஒன்றும் கிடையாது. 50-உம் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை பாதி மதிப்பு, 40-க்குக் கீழ் பூஜ்யம். 500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம், ஆக 99 சதுர செ.மீ. அதில் சுமார் 80 சதுர செ.மீ. மிஞ்சினால் கவலையில்லை. ஆடி மழையில் நனைந்து சட்டைப் பையில் ஊறி இரண்டாகப் பிரிந்த நோட்டு, இரண்டு துண்டும் ஒரே நோட்டுடையதாக இருந்து ஒட்டினால் முழுசாக வருமானால், அது வெறும் அழுக்கு நோட்டுக் கணக்கில் சேரும். அப்படியே மாற்றிக்கொள்ளலாம். அந்தக் கிளையில் நமக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.